வீணை தனம்மாள்

வீணை கற்க ஆசைப்படும் மாணவியரே, மதுரையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற எம்.எஸ். சுப்புலட்சுமியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவருடைய தாயார் சண்முகவடிவு அம்மாள் வீணை வாசித்தவர் என்பது சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்கு முந்திய தலைமுறையில், சென்னையில் வீணையே தம் பெயராக வாழ்ந்த ஓர் அம்மையாரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். குடும்பம் தேவதாசி மரபைச் சேர்ந்தது. அம்மரபுப் பெண்களின் பாட்டை விரும்பிக் கேட்ட சமுதாயம், அவர்களை மதிக்க மட்டும் தயங்கியது. இதை மறைத்துவிட்டு அவருடைய வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.

அவர் பெரிய ஆசிரியர்களிடம் கற்றார். சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளையும், வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸிடம் க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களையும் பாடம் பண்ணினார். பாலகிருஷ்ணதாஸ் பார்வையற்றவர். புத்தகத்தைப் பார்த்து அவரிடம் படிக்க இயலாது. கேட்டுக் கேட்டுத்தான் மனத்தில் பதிக்க வேண்டும். அந்தப் பயிற்சி தனம்மாளுக்குப் பிற்காலத்தில் எவ்வளவு உதவியிருக்கும்! முதுமையில் அவரும் பார்வையை இழந்தார்.

வீணை வாசிப்போரில் சிலர் விரலில் கம்பி மீட்டு அணிவதுண்டு. தனம்மாள் அதை அணியாமல் வெறும் விரலாலேயே மீட்டுவார். கூடவே மெல்லப் பாடவும் செய்வார். நாதம் சன்னமாக எழும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் இல்லத்தில் வாசிப்பு நடக்கும். சங்கீத வித்துவான்களும் ரசிகர்களும் வந்து அமர்ந்திருப்பர். ஒரு சிறு சலசலப்பையும் அவர் பொறுக்கமாட்டார். கைதட்டலை எதிர்பார்த்து வேகம் காட்டும் வழக்கமும் அவரிடம் இல்லை. பெரிய கூட்டத்தைக் கவர வேண்டுமானால் ஓசையைக் கூட்ட வேண்டும். அவரோ கேட்பவர்கள் தாமே அமைதியாகட்டும் என்று இருந்துவிட்டார். இதனால் பொருள் இழப்பும் உண்டாயிற்று. கடைசிக் காலத்தில் பணக் கஷ்டம் அவரை விடவில்லை. ஆனாலும் வாசிக்கும் முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கற்பிப்பதிலும் அதே கண்டிப்புத்தான். அவரிடம் பயின்ற ஆர். ரங்கராமானுஜ ஐயங்கார், கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திப் பிற்காலத்தில் நூல்களாக வெளியிட்டார். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் சிட்சை பெற்றதோடு, பாட்டியின் பதங்களையும் காப்பாற்றினர். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தார். பிற்காலத்தில் உலக நாடுகளில் ஆடினார். அவரைப் பற்றிச் சத்யஜித் ராய் 1976இல் படமே எடுத்தார். பேரன்கள் விசுவநாதன் புல்லாங்குழலிலும் ரங்கநாதன் மிருதங்கத்திலும் சிறந்து, அமெரிக்காவில் பல்லாண்டு கற்பித்தனர். தனம்மாள் வீட்டு இசை கடல் கடந்து போனது இவ்வாறுதான்.

1930களில் கொலம்பியா கம்பெனியார் அவருடைய வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்கள். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே கிடைக்கும். ஒரு ராகத்தை ஆற அமர வாசிப்பவருக்கு அது எவ்வளவு நெருக்கடி! 1938 அக்டோபர் 15ஆம் நாள் அவர் காலமானார். அந்தத் தட்டுகளின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கரகர ஓசைக்கு அடியில் வீணை மெல்லக் கேட்கும். கேட்க அமரும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.