உற்றதும் உணர்ந்ததும்

அருப்புக்கோட்டையை அடுத்த வானம் பார்த்த நிலப்பகுதியில், குண்டாற்றங்கரையில் அமைந்த ஊர் திருச்சுழி. அங்கு 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், சுந்தரம் ஐயருக்கும் அழகம்மைக்கும் ஆண்மகவு ஒன்று தோன்றிற்று. வேங்கடராமன் எனப் பெயர் பெற்ற அம்மகவே பின்னாளில் இரமண முனிவர் என உலகம் போற்ற விளங்கியது.

தந்தையார் 1892இல் மறையவே, சிறுவர் மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். அவரது உறக்கம் வியப்புக்குரியது. விழித்திருக்கையில் அவரை எதிர்க்க அஞ்சிய தோழர்கள், உறங்குகையில் தூக்கிச் சென்று அடித்து, மீண்டும் படுக்கையில் கிடத்திவிடுவராம். மறுநாள் பிறர் சொல்லியே அவர் அதனை அறிவார்.

மாணவர்களே! அடி விழுந்ததைத் தோல் அறியாதிருந்ததா? அன்று. தொடுதல், அழுத்தம், வெப்பம், குளிர், நோவு ஆகியவற்றை ஏற்கும் நரம்பு முனைகள் தோலினுள் எண்ணிறந்தன உள. உற்றதனை அவை நுண்ணிய மின்குறிப்பாக மாற்றித் தண்டுவடத்தின் வழியே மூளைக்கு விடுக்கின்றன. திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளையும் மிளகாயை எடுத்துக்கொள்வோம். அதன் காரப்பொருளும் சுடுவெப்பமும் ஒரே உணர்வேற்பியைத் தூண்டுகின்றன என்பது 1997இல் தெளிவாயிற்று. மிளகாய் தின்ற நா, சுட்டது போல் எரிவது இதனாலேயே. இதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனுடன் 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் குறிப்புப் புறப்படுவது வேறு. அதனை உணர்வது வேறு. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதி, ஆழ்ந்த உறக்கத்தில் அக்குறிப்புகளுட் பலவற்றை மேலே செல்ல விடுவதில்லை. விழித்திருப்போர்க்கும் கவனம் பிறிதொன்றில் அழுந்துமாயின் நோவு குறைவதுண்டு. உற்றறிவை முதலாக வைத்து எண்ணிய தொல்காப்பியர், மனத்தை ஆறாம் அறிவாக வைத்தமை ஈண்டு நினையத்தக்கது.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை அடைந்த அவ்விளைஞர், சின்னாட்களில் கோயிலின் பாதாள இலிங்கக் குகையில் தம்மை மறந்து அமர்ந்தார். பூச்சிகள் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. குருதியும் சீழும் கசிந்தன. அவர் அறிந்திலர். அன்பர் சிலர் தூக்கி வெளியே கொணர்ந்தபோதும் அறிந்திலர். இதனை அருஞ்செயலென்று புகழ்ந்து அமைவது போதாதென்பது என் கருத்து. நோவு உடலுக்குக் காவல். அக்காவல் இயங்காத நாளில், தூக்கிய கைகளே அவ்வுடலைக் காத்தன.

1949இல் அவரது இடக்கையில் இருந்த புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை செய்தனர். முதிய முனிவர் வலியே இல்லை என்று கூறினாரல்லர். உடலுக்கு வலி உண்டென ஒப்பிய நிலையிலும் நாள்தோறும் அன்பர்க்குக் காட்சியளித்து வந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, திருவண்ணாமலையில் உடல் நீத்தார்.