பூட்டு நல்ல பூட்டுதான்!

நெடுங்காட்டுல பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல போனை எடுத்தா, புது அப்டேட் வந்திருக்குன்னு ஓர் அறிவிப்பு. டேட்டா தீர்ந்துடும், அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளி விடுறோம். பாஸ்வேர்டு? பிறந்த தேதிதான். நம்ம போனை யாருப்பா உடைக்கப் போறா? இதே நினைப்பில் ஒரு ராணுவமே இருந்தது. அந்த நினைப்பில் ஓட்டை போட்டவர்களில் முக்கியமானவர் ஆலன் டூரிங்.

1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். ஆனாலும் நம்ம பக்கத்தோடு அவருக்கு உறவு உண்டு. அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா சாரா பிறந்தது கோவை போத்தனூரில். தாத்தா மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். பெற்றோர் இங்கே வேலை பார்க்க, ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள்.

1936இல், விதிகளைக் கொடுத்தால் எந்தக் கணக்கையும் போடும் ஓர் இயந்திரத்தைக் காகிதத்திலேயே வடிவமைத்தார். நம்ம சிலபஸில் வரும் டூரிங் மெஷின் அதுதான்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தார். எதிரில் இருந்தது ஜெர்மனியின் எனிக்மா. 159க்குப் பின்னால் 18 சைபர் போட்டுப் பாருங்க. ஏறத்தாழ அத்தனை விதமாக அதை அமைக்கலாம். அமைப்பும் தினம் மாறும். போலந்துக் கணித அறிஞர்கள் அதற்குள் நுழைந்த வழியைப் போருக்கு முன்பே பிரிட்டனிடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து மேலே போய், 'பாம்ப்' என்ற தேடும் இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார்.

பூட்டு நல்ல பூட்டுதான். கை வைத்தவர்கள்தான் அசட்டையாக இருந்தார்கள். சில ஆபரேட்டர்கள் ரகசிய எழுத்துகளாகக் காதலியின் பெயரையும், விசைப்பலகையில் வரிசையாக இருந்த எழுத்துகளையும் போட்டார்கள். வானிலைச் செய்தி தினமும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தைகளோடு போனது. அந்த வார்த்தைகளை ஊகித்துக் கொடுத்தால் போதும், மீதியை பாம்ப் தேடிவிடும்.

1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எனிக்மாவில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தன. இன்றைய பாஷையில் அது ஒரு அப்டேட். டூரிங் குழுவுக்குப் பத்து மாதம் இருட்டு! அட்லாண்டிக்கில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டே இருந்தன. ஆனால் கரையில் இருந்த வானிலை நிலையங்களிடம் பழைய மூன்று சக்கர இயந்திரமே இருந்தது. அவர்களோடு பேசும்போது நான்காவது சக்கரத்தைச் சும்மா நிறுத்தி வைத்தார்கள். மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கியிலிருந்து வானிலைக் குறியீட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்த ஃபாசன், கிரேசியர் என்ற இரு பிரிட்டிஷ் வீரர்கள் அதோடு சேர்ந்தே மூழ்கிப்போனார்கள். அந்தப் புத்தகத்தைக் கொண்டு 1942 டிசம்பரில் கதவு மறுபடி திறந்தது. அரைகுறை அப்டேட்டின் கதி அது.

டூரிங்கும் சறுக்கியவர்தான். ஜெர்மானியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் வெள்ளிக் கட்டிகளை வாங்கிப் புதைத்து, இடத்தைக் குறியீட்டில் எழுதி வைத்தார். பிறகு எத்தனை தேடியும் கிடைக்கவே இல்லை. பாஸ்வேர்டு மறந்து தலையைச் சொறியும் நமக்கு இது ஒரு ஆறுதல்.

போர் முடிந்து கணினி வடிவமைப்பு, இயந்திர அறிவு என்று உழைத்தார். 1952இல் ஓர் ஆணை நேசித்ததற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. நாட்டின் ரகசியம் காத்தவருக்கு ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தபோது வயது 41. செய்த வேலை வெளியே தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 2013இல் அரச மன்னிப்பு. 2021இல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம்.

உடைக்க முடியாதுன்னு நம்பினவங்கதான் உடைஞ்சாங்க. இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் வைஃபை கிடைச்சதும், தள்ளிவிட்ட அந்த அப்டேட்டைப் போட்டுடுங்க. பிறந்த தேதியையும் மாத்திடுங்க, பாஸ்வேர்டுல மட்டும்!