மரங்களைக் காத்த ஜான் மியூர்

1838-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மியூர், சிறுவயதிலேயே தந்தையுடன் அமெரிக்கா சென்றார். 1867-இல் தொழிற்சாலையில் வேலை செய்கையில் கண்ணில் அரம் பாய்ந்து, சில வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டதும் இயற்கையைக் காணப் புறப்பட்டு, மறு ஆண்டே கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை அடைந்தார்.

அதனருகே மரிபோசா தோப்பில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த செக்கோயா மரங்கள் வானளாவி நின்றன. மாநிலப் பூங்காவாக இருந்தும் அவற்றிற்குத் தக்க காவல் இல்லையே என்று மியூர் வருந்தினார். 1903 மே மாதம் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருடன் மூன்று இரவுகள் முகாமிட்டார். முதல் இரவு, நாட்டையாளும் தலைவரே கூடாரமின்றி அம்மரத்தடியில் உறங்கினார். மியூரின் முறையீட்டையும் கேட்டார். 1906-இல் பள்ளத்தாக்கும் தோப்பும் தேசியப் பூங்காவில் சேர்ந்தன.

1914-இல் மியூர் மறைந்தார். மரங்கள் இன்றும் நிற்கின்றன. கண் பெற்ற பயனை அவர் அடைந்தார்; நாமும் அடைவோமாக!