விமானத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்



மலர்க் குழுவிலிருந்து ஃபோன் செய்து, செய்த வேலையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். தேவனாம்பட்டினத்தில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரில் விமான பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் பிள்ளையார் சுழி போட்ட ஒருவர் இருந்தார். நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. அவர்தான் சேட் வால்சந்த் ஹீராசந்த்.

1882-ல் சோலாப்பூரில் ஒரு குஜராத்தி ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். பருத்தி வியாபாரமும் வட்டிக்கடையும் வீட்டுத் தொழில். இரண்டிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, ரயில்வே காண்டிராக்டராக இறங்கினார். பம்பாய் - பூனா பாதையில் போர்காட் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டதில் அவர் பங்கு பெரிது.

1919-ல் குவாலியர் மகாராஜாவிடமிருந்து லாயல்டி என்ற கப்பலைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். அவ்வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி அது பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. பட்ட பாடு நமக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அவரை ஒழித்தன. வால்சந்தின் சிந்தியா கம்பெனி மீதும் அதே ஆயுதம் பாய்ந்தது. இவர் தாக்குப்பிடித்தார்.

1939-ல் ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைத் தற்செயலாகச் சந்தித்தார். பாலி சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். சீனாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? வால்சந்த் விடவில்லை. திவான் மிர்சா இஸ்மாயில் காலத்து மைசூர் சமஸ்தானம் நிலமும் கொடுத்து முதலும் போட்டது. 1940 டிசம்பர் 23-ல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி பதிவானது. மறு ஏப்ரலில் இந்திய அரசு 25 லட்சம் ரூபாய் போட்டு மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. அந்த வருஷமே ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் அங்கிருந்து எழும்பிப் பறந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இடம் நம்முடையது, ஆள் நம்முடையது. ஆனால் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். யுத்தமோ கடலையே அடைத்துக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் பர்மா வரைக்கும் வந்துவிட்டான். 1942 ஏப்ரலில் அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பியது. மறு வருஷம் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் கூடமாயிற்று. புது விமானம் கட்ட வந்த இடத்தில் பழைய விமானத்தைக் கழற்றி மாட்டினார்கள்.

வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவர் 1944-ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொடங்கினார். பின்னாளில் நம் ஊர் டாக்சி ஸ்டாண்டுகளில் நின்ற பிரீமியர் பத்மினி கார் அங்கிருந்து வந்ததுதான். விசாகப்பட்டினத்தில் அவர் போட்ட கப்பல் தளத்தில் கட்டிய ஜல உஷா 1948-ல் நேருவின் கையால் கடலில் இறங்கியது. 1953 ஏப்ரல் 8-ல் வால்சந்த் காலமானார். பெங்களூர்த் தொழிற்சாலையே 1964-ல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது. ஏர்பஸ் ஏ320 விமானங்களின் முன்பக்கக் கதவுகளை வருஷக்கணக்கில் அது செய்து அனுப்பியிருக்கிறது.

அவர் கதையில் என்னை உறுத்துவது அந்தக் கப்பல் சரக்குதான். ஏனென்றால் நானும் அங்கே அடிபட்டவன்.

இப்போதைய விமானத்தில் அலுமினியத்தின் இடத்தைக் காம்போசிட் எனப்படும் கூட்டுப்பொருள் பிடித்துவருகிறது. புரியவில்லை என்றால் நம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது அது. விமானத்துக்குக் கண்ணாடி இழைக்குப் பதில் பெரும்பாலும் கார்பன் இழை. ரெசினில் ஊறிய அந்தத் துணியை ஃப்ரீசரில் சுமார் மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் மணிக்கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். கணக்கு மீறினால் குப்பைதான்.

ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வந்த சுருள்கள் நாலு நாள் கிடங்கில் மாட்டிக்கொண்டன. பேப்பரில் ஒரு எண் தப்பு. எழுதியவன் நான். ஐஸ் கரைந்து, பெட்டிக்குள் இருந்த வெப்பமானிப் பதிவு மேலே ஏறியிருந்தது. மொத்தச் சரக்கும் வீண். மெஷின் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வேலைதான் இல்லை. அன்று ராத்திரி வால்சந்தை நினைத்துக்கொண்டேன்.

இது நமக்கு மட்டும் வரும் கஷ்டமும் இல்லை. போயிங் 787-ன் எடையில் ஏறக்குறையப் பாதி காம்போசிட். இறக்கை ஜப்பானிலிருந்தும், உடலின் சில பகுதிகள் இத்தாலியிலிருந்தும், தரையைத் தாங்கும் உத்தரங்கள் நம் நாக்பூரிலிருந்தும் போனவை. 2007 ஜூலையில் ஊரைக் கூட்டி வெளியே காட்டியபோது, சரியான பிணைப்பாணிகள் கிடைக்காமல் தற்காலிக ஆணிகளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். அது பறக்க 2009 டிசம்பர் ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய விமானத்தை ஒரு ஆணி நிறுத்திவைக்கும்.

தம்பி தங்கைகளே, விமானத் தொழில் என்றால் எஞ்சினீயரிங் படித்தவனுக்குத்தான் என்று ஒதுங்காதீர்கள். ரெசின் என்பது வேதியியல், இழையின் வலு இயற்பியல், சரக்கு வந்து சேரும் நாள் கணக்கு வணிகவியல். மூன்றையும் நம் கல்லூரியிலேயே படிக்கலாம். தொழிற்சாலை கட்டினார் வால்சந்த். அதற்குள் போகும் இழையையும் ரெசினையும் நாமே செய்யும் வேலை இன்னும் பெருமளவு பாக்கி இருக்கிறது. அதை உங்களில் யாராவது எடுத்துச் செய்தால், அடுத்த சந்திப்பு மலரில் இந்தப் பக்கம் உங்களுடையது.