புடவை மூட்டையுடன் தோட்டம் ஏறிய பத்திரிகையாளர்

கடலும் கனிய மணலும் சூழ்ந்த புல்மோட்டையிலிருந்து மலையகம் வெகுதூரம். ஆனாலும் அங்கு பறித்த தேயிலை எமது வீடுகளில் நாள்தோறும் கொதிக்கிறது. அதைப் பறித்தோரின் துயரை அச்சேற்றிய கோ. நடேசய்யரை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூருகிறோம்.

நடேசய்யர் 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தார். 'வர்த்தகமித்திரன்' பத்திரிகையை நடத்திவந்த அவர் 1915இல் இலங்கை வந்தபோது, தோட்டத் தொழிலாளர் படும்பாட்டை நேரில் காண விரும்பினார். அந்நாளில் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துள் நுழைவது குற்றம். புடவை வியாபாரிகள் மட்டும் போய்வரலாம். அவரும் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார்.

அங்கே அவர் கண்டது கடன். ஊரில் கங்காணி கொடுத்த முற்பணமே முதற் கடனாயிற்று. வேறு தோட்டம் செல்ல வேண்டுமானால் கடன்தொகை எழுதிய 'துண்டு' தேவை. புதிய தோட்டம் அதைத் தீர்த்தால்தான் ஆளை விடுவார்கள். அந்தத் தொகை மீண்டும் அவர் தலையிலேயே ஏறும். துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. வறுமை ஒழியவில்லை. நோயின் குறியைக் கண்டதும் மூலத்தைத் தேடுவது வைத்தியராகிய எமது தொழில். அவர் தேடியதும் மூலத்தையே.

கொழும்பில் 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' எனப் பத்திரிகைகள் நடத்தினார். ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்து நகரத் தொழிலாளருக்காகவும் உழைத்தார். குணசிங்காவின் போக்கு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதும் 1928இல் பிரிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் உறுப்பினராகவும் அவர்களுக்காகவே பேசினார்.

அவர் துணைவியார் மீனாட்சியம்மாளைப் பெண்களாகிய நாம் தனியே வணங்க வேண்டும். பத்திரிகைப் பணியில் பங்கேற்று, பெண்களின் வாக்குரிமைக்காக எழுதினார். எழுத்தறியாத தொழிலாளர் கூடிய இடங்களில் அவர்கள் துயரைப் பாட்டாக்கித் தாமே பாடினார். பத்திரிகை எட்டாத செவிகளை அப்பாட்டு எட்டியது.

நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்தார். மறுவருடமே குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதை எதிர்த்து எழுத அவர் இருக்கவில்லை.

எங்கெங்கோ வாழும் எம் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கண்முன் நடக்கும் அநீதியை நேரில் சென்று பாருங்கள்; பார்த்ததை எழுதி வையுங்கள். எழுத்தறிவு தந்த பாடசாலைக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவே.