மானிப்பாயில் ஒரு வைத்திய வகுப்பு

சத்திர சிகிச்சையைத் தமிழிலேயே படித்து வைத்தியரானவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள் என்று சொன்னால் என் வகுப்புத் தோழியர் நம்புவதில்லை. அதுவும் 150 வருடங்களுக்கு முன்பு, யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் என்றால் சிரிக்கிறார்கள். உயர்தர உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, மருத்துவ பீடத்துக்குப் போனால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டுமே என்று பயந்துகொண்டிருக்கும் எங்களுக்கு அந்தச் சிரிப்பு வருவது நியாயந்தான். ஆனாலும் அந்த வகுப்பு நடந்தது. அதை நடத்தியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822 ஒக்டோபர் 10 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் அவர் பிறந்தார். பெரிய குடும்பம். நியூயோர்க் நகரை விரிவாக்கிய அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய சகோதரர்தான். ஒருவர் நகரத்தைக் கட்ட, மற்றவர் ஒரு மொழிக்கு மருத்துவ நூல்களைக் கட்டினார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. 1845 இல் நியூயோர்க்கில் வைத்தியராகத் தேறி, 1847 இல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, மறு வருடம் மானிப்பாய். தம் மார்க்கத்தைப் பரப்பவே அவர் வந்தார். அதை அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. நம் கொள்கை வேறு. ஆனால் அவருடைய மருந்துச்சாலைக்கு நோயோடு வந்தவர்களுக்கு அவர் செய்த வேலையை அதற்காகக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மானிப்பாய்க்கு வந்த 1848 ஆம் ஆண்டிலேயே அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒரு வைத்தியர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? தன்னைப் போல் பலரை உருவாக்குவதே வழி என்று கண்டார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870 இல்தான். மானிப்பாய் வகுப்பு அதற்கு 22 வருடம் மூத்தது. அங்கே வைத்தியசாலையும் பள்ளியும் ஒன்றே. புத்தகத்தில் படித்த காய்ச்சலும் கட்டியும் முறிவும் வாசலிலேயே காத்திருக்கும். இன்றும் மருத்துவ மாணவர்கள் விரிவுரை மண்டபத்திலிருந்து வார்ட்டுக்குப் போய், நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் பாதிப் படிப்பைப் படிக்கிறார்கள். ஐந்து வருடப் படிப்பு முடிந்த பின்னும் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. சத்திர சிகிச்சை நிபுணராக வேண்டுமென்றால் அதற்கு மேலும் பல வருடங்கள். கத்தி பிடிக்கும் கையைப் புத்தகம் மட்டும் பழக்காது. பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில் கிறீன் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அப்படிப் படித்துத் தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமங்கள் பழையபடியே கிடந்தன. 1857 இல் ஊருக்குப் போய், 1862 இல் திருமணம் முடித்துத் திரும்பி வந்த பிறகு, வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். கிராமத்தில் வைத்தியம் செய்யப் போகிறவன் கிராமத்தின் பேச்சில் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். மாணவர்கள் ஐரோப்பியரைப் போல உடுத்துவதைக்கூட அவர் விரும்பவில்லையாம். தங்கள் உடையிலும் பழக்கத்திலும் இருந்துகொண்டே வைத்தியராகலாம் என்றார். அபாயாவுக்கு மேல் வெள்ளைக் கோட் அணியப் போகிற எங்களுக்கு இது இனிப்பான செய்திதான்.

இந்த மொழி விஷயம் எனக்கு வெறும் பெருமைப் பேச்சு அல்ல. என் ராத்தாவின் முதல் பிரசவம் சிக்கலாகி, எங்கள் மாவட்டத்துக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டருக்குத் தமிழ் தெரியாது, ராத்தாவுக்குச் சிங்களம் தெரியாது. எங்கே வலி, எப்போதிருந்து என்பதை அடுத்த கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெண்தான் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் உம்மா அந்த இரவைப் பற்றிப் பேசினால் இன்றும் குரல் தாழ்ந்துவிடும். பிரசவ வைத்தியத்தைத் தமிழில் எழுதிய நூல் 1857 இலேயே வந்துவிட்டது என்று அறிந்தபோது, அந்த இரவுதான் என் நினைவுக்கு வந்தது.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துறூயிற் என்பவரின் சத்திர சிகிச்சை நூல் 1867 இல் இரண வைத்தியம் ஆயிற்று. கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்று வந்தது. 1875 இல் கெமிஸ்தம். நாம் இரசாயனவியல் என்று படிப்பதுதான். நாம் உடற்றொழிலியல் என்பதை அவர்கள் சுகரணம் என்றார்கள். தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழாக ஒலிப்பது என்பது முறை. எல்லாம் அவர் ஒருவரே செய்ததல்ல; அவருடைய மாணவர்களும் தமிழறிந்த உதவியாளர்களும் பெரும்பங்கு சுமந்தார்கள். மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல்!

மொழிபெயர்ப்பால் மருத்துவம் குறைந்துபோகும் என்பவர்களுக்கு நம் வரலாற்றிலேயே பதில் உண்டு. ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, சுமார் 200 சத்திர சிகிச்சைக் கருவிகளை விவரித்து அரபியில் எழுதினார். அது 12 ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போய், ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டு பாடநூலாயிற்று. அன்று அவர்களும் மொழிபெயர்த்துத்தான் படித்தார்கள்.

கிறீனிடம் 60 பேருக்கு மேல் வைத்தியம் பயின்றார்கள். அவர்களில் 33 பேர் தமிழில். எல்லோரும் ஆண்கள். பிரசவ வைத்தியத்தைக்கூட ஆண்களே படித்தார்கள் என்பது எனக்கு ஒரு குறைதான். கொழும்பு மருத்துவக் கல்லூரிக்குள் பெண்கள் நுழையவே 1892 ஆகிவிட்டது.

உடல்நலம் கெட்டு 1873 இல் அவர் வூஸ்ரருக்குத் திரும்பினார். பிறகு இங்கே வரவேயில்லை. ஆனாலும் அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தும் வேலையை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. 1884 மே 28 இல், 61 வயதில் அவர் காலமானார். தமிழரிடையே வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார், அப்படியே பொறித்தார்கள். அவர் போன பிறகு தமிழ் வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை.

மானிப்பாயில் அவர் பெயரில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் முல்லைத்தீவு வழியாக யாழ்ப்பாணம் கூட்டிப்போவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். மானிப்பாயில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.