இராசிபுரம் தந்த இதழாளர் டாக்டர் வரதராஜுலு நாயுடு

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் விளையும் மிளகும் பலாவும் மலையிறங்கிச் சேந்தமங்கலம், இராசிபுரம் முதலிய ஊர்களை அடைகின்றன. செய்தித்தாளோ கீழிருந்து மேலேறி வருகிறது. வல்வில் ஓரி விழாவும், எழுபது கொண்டையூசி வளைவுகளில் நேரும் விபத்தும் அன்றி, மலைவாழ் மக்களின் செய்தி கீழிறங்கி அச்சேறுதல் அரிது. எவர் குறை அச்சேறும், எவர் குறை ஏறாது என்பதை முடிவு செய்பவர் யாவர்? இவ்வினா எழும்போதெல்லாம், அம்மலைக்கு அணித்தேயுள்ள இராசிபுரத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு அவர்கள் நம் நினைவில் எழுகின்றார்.

அவர் மருத்துவர். நாட்டு மருத்துவத்தால் பொருளும் புகழும் ஈட்டியவர். அதனை விடுத்துக் காங்கிரசுப் பணியிலும் இதழ்ப்பணியிலும் இறங்கினார். மதுரையில் ஆற்றிய உரைக்காக 1918-இல் அவர்மீது இராசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக வாதாடி வென்றவர் இராஜாஜி. ஆயினும் 1920-இல் ‘பிரபஞ்சமித்திரன்’ இதழில் வெளிவந்த எழுத்துகளுக்காக மீண்டும் சிறை காத்திருந்தது. 1923-இல் பெரியகுளத்திற்குள் நுழையலாகாது என்ற தடையை மீறி மூன்றாம் முறையும் சிறை புகுந்தார்.

அந்நாளில் ஓர் இதழ் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை இன்றைய மாணவர் அறிதல் நலம். 1910-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சகத்தாரிடம் பிணைத்தொகை கேட்டது. எழுத்து பிடிக்கவில்லையெனில் அத்தொகையைப் பறிமுதல் செய்து, மேலும் பெருந்தொகை கேட்கும். மௌலானா அபுல்கலாம் ஆசாத் கல்கத்தாவில் 1912-இல் தொடங்கிய ‘அல்-ஹிலால்’ இவ்வாறே 2,000 ரூபாய்ப் பிணையை இழந்து, பின்னர்க் கேட்கப்பட்ட 10,000 ரூபாயைக் கட்ட இயலாமல் 1914-இல் நின்றுபோயிற்று. எழுதியவரைச் சிறையில் அடைப்பதினும் அச்சிடுபவரின் பணப்பையை இறுக்குவது எளிது என்பதை அரசு நன்கு உணர்ந்திருந்தது. அச்சட்டம் 1922-இல் நீக்கப்பட்டது. 1931-இல் வேறு பெயரில் அதே பிடி திரும்ப வந்தது.

அரசை எதிர்த்து எழுதும் துணிவு அக்காலத்தில் வேறு பலர்க்கும் இருந்தது. நாயுடு அவர்களை நாம் தனித்து எண்ணுவதற்குக் காரணம் வேறு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரசு நிதி அளித்திருந்தது. அங்கே பிராமணச் சிறுவர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனிப் பந்தி என்ற செய்தி வெளிப்பட்டது. அப்போது நாயுடு அவர்கள் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர். தம் கட்சியின் பணம் சென்ற இடம். நடத்துபவரோ நாட்டுக்காக அல்லலுற்ற பெருந்தியாகி. மூடி மறைத்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ தமது ‘தமிழ்நாடு’ இதழில் அதனை எழுதினார், விடாது எழுதினார். 1925-இல் கட்சிக் குழுவே பிளவுபட்டது. முன்பு வழக்குமன்றத்தில் அவரைக் காத்த இராஜாஜியும் வேறு சிலரும் குழுவினின்று விலகினர். தன் பக்கத்துக் குறையைத் தன் ஏட்டிலேயே எழுதுவதுதானே நடுநிலைக்கு உண்மையான சோதனை? பகைவன் குறையை எழுத எவராலும் இயலும்.

1932 செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னையில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவரும் அவரே என்பது நம் மாணவருள் பலர் அறியாதது. மூன்று சிறைகளைத் தாங்கியவரால் பணமுடையைத் தாங்க இயலவில்லை. விரைவிலேயே இதழ் ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நிறுவிய சதானந்த் கைக்கு மாறியது. பிறகு இராம்நாத் கோயங்காவை அடைந்தது. சிறைக்கதவு மூடும் ஓசை ஊருக்கெல்லாம் கேட்கிறது. கடனால் ஓர் இதழ் கைமாறும் ஓசை எவர்க்கும் கேட்பதில்லை. இன்றைய ஏடுகள் விற்பனை விலையைக் காட்டிலும் விளம்பரத்தை நம்பி வாழ்கின்றன. விளம்பரம் தருவோரில் அரசும் ஒன்று. 2025-ஆம் ஆண்டின் உலக இதழியல் உரிமைப் பட்டியலில் 180 நாடுகளுள் இந்தியா 151-ஆம் இடத்தில் நின்றதற்கு, எழுதியோர் மீதான வழக்குகளோடு இதழுடைமை ஒரு சில செல்வர் கையில் திரண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டது.

பின்னாளில் அவர் சில காலம் இந்து மகாசபையில் முன்னின்று பணியாற்றினார் என்பதையும் நாம் மறைத்தற்கில்லை. நம் வாசகர்க்கு அஃது உவப்பன்று, எமக்கும் அவ்வாறே. எனினும் அதனைக் காட்டிக் குருகுலப் போரை அவர் வாழ்விலிருந்து அழித்தலும், குருகுலப் போரைக் காட்டி மகாசபையை மறைத்தலும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

1957-இல் அவர் மறைந்தார். அவர் தம் ஏட்டுக்குச் சூட்டியிருந்த பெயரை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1969-இல், சென்னை மாநிலமே ஏற்றுக்கொண்டது.